ஒரே கோட்டில் மூன்று பேர்

பாரிஸில், லா சப்பலில் வேலை தேடுகிறவர்களுக்கு சி.வி. எழுதிக் கொடுக்கும் மேசைகளில் இப்போது இருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். நேரில் வந்து சொல்லும்படி கேட்டீர்கள். நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் எழும்பாது. எழுத்தில் என்றால் சமாளிப்பேன். மணிக்கட்டு நோவால் போன வருடம் மேசையை விட்டு எழும்பும் வரை, நான் கதைத்ததைவிட எழுதியதுதான் அதிகம்.

2009இல் அங்கே ஒரு தமிழ்க் கடைக்கு வேலைக்கு வந்தேன். முன்பக்கம் போட்டோக் கொப்பி, விமானச் சீட்டு, படிவம் நிரப்புதல். பின்பக்கம், சாமான் பெட்டிகளுக்கு நடுவில் என் மேசை. ஊரில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள் நான். பிரெஞ்சு இங்கே நகரசபை நடத்திய வகுப்பில் படித்தது. கதைக்கும்போது தடுக்கிற மொழி, எழுதும்போது எப்படியோ ஒழுங்காக வந்தது. அதைக் கண்டுதான் முதலாளி அண்ணை என்னைப் பின்னால் இருத்தினார். ஆட்கள் கேட்டால், "உள்ளுக்கை ஒரு அக்கா இருக்கிறா, கதைக்கமாட்டா, ஆனா வேலை எடுத்துத் தருவா" என்று சொல்லுவார்.

இணையத்தில் பந்தயம் நடத்தும் நிறுவனங்களுக்கு சி.வி. எழுதுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மாதிரி சி.வி. அனுப்பினால் அதைப் பார்த்து எழுதிக்கொள்வதாகவும் சொன்னீர்கள். மாதிரி அனுப்பமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

2010இல் பிரான்சில் அந்தத் தொழிலுக்கு அனுமதி கொடுத்தார்கள். உதைபந்து, குதிரை, சீட்டாட்டம் எல்லாம் கணினியில் வந்தது. புதிய நிறுவனங்கள் ஆட்களைத் தேடின. வாடிக்கையாளருக்குப் பதில் எழுத ஆள், கணக்குத் திறக்கிறவரின் அடையாளப் பத்திரங்களைப் பார்க்க ஆள். சுத்திகரிப்பு வேலையிலும் உணவகத்துப் பின்னறையிலும் நின்று களைத்த எங்கள் ஆட்களுக்கு, கதிரையில் இருந்து செய்யும் வேலை என்றாலே அது பெரிய விஷயம்.

முதலில் வந்த ஒருவருக்கு நான் எழுதிய சி.வி.யை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பாரிஸ் புறநகரான ஆர்ஜொந்தெய்யில் இருந்து வந்தவர், நல்ல மனிதர். சூதாட்ட நிறுவனம்தானே, சூதில் விருப்பமுள்ள ஆளைத்தான் பிடிக்கும் என்று நினைத்து, பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'குதிரைப் பந்தயம், போக்கர்' என்று எழுதிவிட்டேன். அவர் வாழ்நாளில் ஒரு பந்தயம் கட்டியதில்லை. நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுதானாம்: வாரத்துக்கு எத்தனை தரம் விளையாடுவீர்கள்? மனுசன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "ஒவ்வொரு நாளும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த நிறுவனங்கள் தேடுவது விளையாடுகிறவர்களை அல்ல. மற்றவர்கள் விளையாடும்போது கையைக் கட்டிக்கொண்டு கவனிக்கக் கூடியவர்களை. அது எனக்கு ஒரு ஆளின் வேலையைக் கெடுத்த பிறகுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு கவனமாக எழுதினேன். கவனம் கூடி, எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கினேன். நாலைந்து வரியில் ஒரு நல்ல பந்தி அமைந்துவிட்டது. 'நுணுக்கமும் பொறுப்பும் உள்ளவர், டிஜிட்டல் துறையில் தன் ஆற்றலை வளர்க்க விரும்புகிறவர்' என்று போகும். கட்டாயம் நீங்களும் அப்படி ஒன்று வைத்திருப்பீர்கள். பெயரை மாற்றினால் போதும்.

படம் எடுப்பதும் கடையிலேயேதான். முதலாளி தன் கலியாணப் பதிவுக்கு வாங்கிய கறுப்புக் கோட் ஒன்று ஆணியில் தொங்கும். முதலாளி அகன்ற ஆள். யார் போட்டாலும் முதுகுப் பக்கம் நாலு துணிக் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். முன்னால் பார்க்க வங்கி அதிகாரி, பின்னால் பார்க்கக் கொடிக்கயிறு. ஆண், பெண் எல்லோருக்கும் அதுதான்.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் ஆட்களில் பலர் இன்னொருவர் எடுத்த வீட்டில் ஒரு அறையில் இருப்பார்கள். தபால் பெட்டியில் அவர்களுடைய பெயர் இருக்காது. வந்த கடிதம் திரும்பிப் போய்விடும். அதனால் கடை விலாசத்தையே போட்டேன். பகலில் வேலையில் நிற்கிறவர்களால் தொலைபேசி எடுக்க முடியாது, அதற்கும் கடை இலக்கம். எல்லாம் உதவி என்று நினைத்துத்தான்.

நிமலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் இருந்து இரண்டு கடை தள்ளி, வெளிநாட்டுக்குக் காசு அனுப்பும் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர். முப்பத்திரண்டு வயது. புறநகரில், லா கூர்னெவ்வில் இருந்தார். மனைவியும் ஐந்து வயது மகளும் யாழ்ப்பாணத்தில். அவர்களை இங்கே எடுப்பதற்குப் பத்திரம் கொடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய கடையை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். மாத முடிவில் வேலை இல்லை. வேலை ஒப்பந்தம் இல்லாமல் அந்தப் பத்திரம் நகராது. புதிய ஒப்பந்தத்தை, வதிவிட அனுமதி கொடுக்கும் பிரிபெக்சருக்குக் காட்டியே ஆக வேண்டும்.

பந்தய நிறுவனம் ஒன்று அடையாளப் பத்திரங்கள் பார்க்க ஆள் கேட்டிருந்ததை நான்தான் அவருக்குச் சொன்னேன். அதே வாரம் வந்த வேறு இரண்டு பேருக்கும் சொன்னேன். ஒருவர் பாண்டிச்சேரிப் பெண். மற்றவர் தமிழ்நாட்டில் இருந்து மேற்படிப்புக்கு வந்த மாணவர். மூன்று பேருக்கும் அந்தப் பந்தி, அந்தக் கோட், அந்த விலாசம், அந்த இலக்கம்.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு காலை நேரம். முதலாளி வாசலில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றார். தொலைபேசியை நான் எடுக்க வேண்டி வந்தது. எடுத்தவர் அந்த நிறுவனத்தில் ஆட்களைத் தெரிவு செய்யும் பெண் அதிகாரி, ஒரு மதாம். நிமலன் இருக்கிறாரா என்று கேட்டார். வெளியில் போயிருக்கிறார், சொல்லிவிடுகிறேன் என்றேன். பாண்டிச்சேரிப் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்டார். அவரும் வெளியில் என்றேன். மாணவரின் பெயரையும் சொல்லிக் கேட்டார். மூன்றிலும் இதே இலக்கத்தைப் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவரும் வெளியில்தான் என்றேன்.

பிறகு அவர் மிகவும் மரியாதையாக, "மதாம், உண்மையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அன்று தெரிந்தவர்களைத் தவிர, இதைப் பத்து வருடம் வேறு யாருக்கும் சொல்லவில்லை. பயத்தில் கை தானாக வைத்தது. முதலாளி திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். "என்ன பிள்ளை, போன் சுட்டுப் போட்டுதே?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய கோட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, முன்னுக்குப் போனார்.

மதிய இடைவேளையில் நிமலன் வந்தார். கையில் சாப்பாட்டுப் பார்சல். தினமும் என் மேசைக்குப் பக்கத்தில் பெட்டி ஒன்றில் இருந்துதான் சாப்பிடுவார்.

"ஏதும் மறுமொழி வந்ததே அக்கா?"

"இல்லைத் தம்பி" என்றேன்.

அவர் சாப்பிட்டபடியே கதைத்தார். மகளுக்குத் தொலைபேசியில் பிரெஞ்சு எண்கள் சொல்லிக் கொடுக்கிறாராம். பதினாறு வரை சொல்லுவாளாம், பதினேழில் ஒவ்வொரு நாளும் தடக்குப்படுவாளாம். "வந்து இஞ்சை படிச்சா ஒரு கிழமையிலை பிடிச்சிடுவாள், என்ன அக்கா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

நீங்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வருவீர்கள். நீங்கள் செய்த பிழை இன்னொருவரின் வாழ்க்கையில் போய் நிற்கும். அவருக்கு அது தெரியாது. உங்கள் பக்கத்தில் இருந்து சோறு தின்பார். அந்த நேரம் செய்யக்கூடியது இரண்டுதான். அவர் எழும்பிப் போகும்வரை பேசாமல் இருந்து, வேலை கிடைக்கவில்லையாம் என்று பிறகொரு நாள் சொல்லலாம். சொன்னால் நம்புவார். எங்கள் ஆட்களுக்கு வேலை கிடைக்காமல் போவது புதினம் இல்லை.

"தம்பி, பொய் சொல்லிப்போட்டன்" என்றேன். "காலைமை எடுத்தவை. நான் வைச்சிட்டன்."

முழுவதையும் சொன்னேன். அவர் பார்சலை மூடி வைத்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "இப்ப என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார்.

தொலைபேசியில் அந்த இலக்கம் பதிந்திருந்தது. முதலாளி முன்பக்கத்தில் இருந்து, "நான் கதைக்கட்டே?" என்று கேட்டார். அவர் கதைத்தால், மூன்று பேரும் தன் சகோதரங்கள் என்று சொல்லக்கூடிய ஆள். வேண்டாம் என்றேன். நான் சொல்லப்போவதை ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதினேன். எழுதினால்தானே எனக்கு வரும். பிறகு இலக்கத்தை அழுத்தி, தாளைப் பார்த்து வாசித்தேன்: 'நான் ஒருத்தி. அவர்கள் மூன்று பேர். மூன்று சி.வி.யும் நான் எழுதியது. கோட் கடையினுடையது. விலாசமும் கடையினுடையது. பிழை என்னுடையது, அவர்களுடையது அல்ல. காலையில் பயத்தில் வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.'

அந்தப் பக்கத்தில் மதாம் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பிறகு விளக்கினார். ஆட்களைத் தெரிவு செய்ய வருவதற்கு முன், மோசடி பிடிக்கும் பிரிவில் இருந்தவராம். புதிதாகக் கணக்குத் திறந்தால் நிறுவனம் ஒரு சலுகை கொடுக்கும். அதை எடுப்பதற்காக ஒரே ஆள் ஐந்து பெயரில் கணக்குத் திறப்பார். ஒரே விலாசம், ஒரே இலக்கம், ஒரே மாதிரி வசனம், இதுகளை வைத்துத்தான் அப்படிப்பட்டவரைப் பிடிப்பார்களாம். எங்கள் மூன்று சி.வி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று படத்திலும் இடப்பக்கக் காலரில் ஒரே வெள்ளை நூல் தொங்கியதாம்.

"கள்ளக் கணக்குப் பிடிக்கிற வேலைக்கு, கள்ளக் கணக்கு மாதிரியே விண்ணப்பித்திருக்கிறீர்கள்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. மூன்று சி.வி.யிலும் பந்தயம் என்ற சொல்லோ, விளையாட்டு என்ற சொல்லோ ஒரு இடத்திலும் இல்லை. டிஜிட்டல் துறை, டிஜிட்டல் துறை என்றே இருக்கிறது. "எங்கள் வேலையின் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறவர் எங்களிடம் வந்து என்ன செய்யப் போகிறார்?" என்று கேட்டார். உண்மைதான், அந்த முதல் சி.வி.க்குப் பிறகு சூது என்ற சொல்லை எழுதவே எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்காக அடுத்தவர்களின் சி.வி.யில் அதை ஒளித்துவிட்டேன்.

மூன்று பேரும் தங்களுடையதைத் திரும்ப அனுப்பலாம், அன்று மாலை ஐந்து மணிக்குள் வரவேண்டும் என்றார்.

மாணவருக்கு வேறு இடம் சரிவந்திருந்தது. பாண்டிச்சேரிப் பெண்ணுக்கு எடுத்துச் சொன்னேன். தானே எழுதி அரை மணித்தியாலத்தில் அனுப்பிவிட்டு, எனக்கும் ஒரு பிரதி காட்டினார். அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிட எவ்வளவோ திறம். பிறகு ஏன் என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டேன். "போட்டோ எடுக்கத்தாங்க வந்தேன். நீங்க பாட்டுக்கு எழுத ஆரம்பிச்சிட்டீங்க, தடுக்கச் சங்கடமா இருந்துச்சு" என்றார்.

நிமலன் தன் கடையில் ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு வந்தார். மூன்று வருடமாக என் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஆள். அவர் அங்கே என்ன செய்கிறார் என்று அன்றுதான் முதல் தரம் கேட்டேன்.

"காசு அனுப்புற கடையிலை நிக்கிறன். வேறை என்ன?"

"நேற்று என்ன செய்தனீர்? காலைமை துவங்கிச் சொல்லும்."

இந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை என்று கேட்டால் ஆட்கள் வேலையின் பெயரைச் சொல்வார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் செய்ததைச் சொல்வார்கள்.

நேற்று ஒருவர் தமையனின் வதிவிட அட்டையோடு வந்தாராம். முகம் கிட்டத்தட்ட ஒன்று. நிமலன் காதைப் பார்த்திருக்கிறார். தாடி வளரும், மயிர் கொட்டும், உடம்பு வைக்கும், காது மாறாது என்பது அவர் தன் பாட்டில் கண்டுபிடித்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். அட்டையை மற்றவர்களுக்குத் தெரியாமல் கண்ணாடிக்குக் கீழால் திருப்பிக் கொடுத்து, "அண்ணை, இதிலை கையெழுத்து ஒண்டு வேணும், கார்ட்டுக்காரரை ஒருக்கா வரச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் தலைகுனியாமல் போனார். இன்று காலை தன் சொந்த அட்டையோடு வந்தாராம்.

அதற்கு முதல் வாரம் ஒரு வயதானவர் வந்திருக்கிறார். பரிசு விழுந்திருக்கிறது, முதலில் கட்டணம் அனுப்ப வேண்டும் என்று யாரோ தொலைபேசியில் சொன்னதை நம்பி. நிமலன் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று சொல்லி, அவரை ஒரு கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மகனுக்குத் தொலைபேசி எடுக்க வைத்திருக்கிறார்.

"ஆனா அதை எழுதாதேங்கோ அக்கா. மெசின் நல்லாத்தான் வேலை செய்தது. நான் பொய் சொன்னனான்."

யோசித்தேன். பொய்யை எழுதக்கூடாது. மறைக்கவும் கூடாது. 'ஏமாற்றப்படுவதாகச் சந்தேகித்த வாடிக்கையாளரை, குடும்பத்தோடு கதைக்கும்வரை தாமதப்படுத்தினார்' என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன். "ஓம், அதுதான் நடந்தது" என்றார்.

எத்தனை நாட்டுப் பத்திரங்களைத் தினமும் கையில் பிடித்தார் என்பதை எழுதினோம். தமிழ், சிங்களம், பிரெஞ்சு, ஆங்கிலம் எவ்வளவு வரும் என்பதைக் கூட்டாமல் எழுதினோம். கோபத்தில் கத்துகிற ஆளிடம் எப்படிக் கதைப்பார் என்பதை எழுதினோம், ஏனென்றால் தோற்றவர்கள் கத்துவார்கள். தான் பந்தயம் கட்டுவதில்லை, வேலையில் இருக்கும்வரை கட்டப்போவதும் இல்லை என்று ஒரு வரி. லா கூர்னெவ் விலாசத்தை, வீட்டுக்காரரின் பெயரோடு, உள்ளபடி போட்டோம். மின்னஞ்சலும் கைத்தொலைபேசியும் அவருடையவை. படம், அவர் போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டையோடு.

கடைசியில் விண்ணப்பிக்கும் வேலை என்ற வரி. 'இணையப் பந்தய நிறுவனத்தில் அடையாளம் சரிபார்ப்பவர்' என்று தட்டினேன். நிமலன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டிலை கொம்பனி எண்டு மட்டும்தான் சொன்னனான். மாமா ஆக்கள் கோயில், விரதம் எண்டு இருக்கிற ஆக்கள். மனுசிக்கும் சொல்லேல்லை. சூதுக்கடையிலையோ வேலை எண்டு கேட்டால்..."

"இது உம்மடை மாமாவுக்குப் போற கடிதம் இல்லை" என்றேன். எனக்கே நான் கதைப்பது புதிதாக இருந்தது. "பிடிக்கேல்லை எண்டால் அனுப்பாமல் விடுவம். அனுப்பிறதெண்டால் பெயரோடை அனுப்புவம்."

ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் வெளியில் போய் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே ஒரு தரம் நடந்துவிட்டு வந்தார். "அனுப்புங்கோ" என்றார்.

மூன்றாம் நாள் நிமலனை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் வந்து சொன்னார். மதாம் பழைய மூன்று சி.வி.யையும் மேசையில் பரப்பி, இது ஒரு ஆளா மூன்று ஆளா, எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாராம். நிமலன் படங்களை எடுத்து, மூன்று பேரின் காதையும் காட்டினாராம். பாண்டிச்சேரிப் பெண்ணின் காது தலைமயிரால் மூடியிருந்ததால், அவருக்குத் தாடை. "ஆக்கள் மூண்டு, எழுதினது ஒராள் எண்டு சொன்னன்" என்றார். "எழுதின ஆள் கள்ளமோ எண்டு கேட்டவ. இல்லை, கூச்சம் எண்டு சொன்னன்."

வேலையை இரண்டு பேருக்குமே கொடுத்தார்கள். நிமலனுக்குத் தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தர ஒப்பந்தம் வந்தது. அதைப் பிரதி எடுக்க, வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தார். பிரிபெக்சருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான் இயந்திரத்தில் தாளை வைத்தபோது மனைவி தொலைபேசியில் வந்தார். கையில் பத்திரங்கள் இருந்ததால் நிமலன் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பெட்டி மேல் வைத்தார். ஒப்பந்தம் வந்துவிட்டது என்றார். என்ன போட்டிருக்கிறது, வாசியுங்கோ என்று மனைவி கேட்டார்.

அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு முழுவதையும் வாசித்தார். வேலையின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தமிழில் சொன்னார். "ஒன்லைனிலை பந்தயம் கட்டுற கொம்பனி. காசு வைச்சு விளையாடுறது. நான் அங்கை ஆளடையாளம் பாக்கிற வேலை."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றை வைக்கும் சத்தம் கேட்டது. முன்னால் முதலாளி கொப்பிக்கு வந்தவரிடம் கதைப்பதை நிறுத்திவிட்டார்.

"பிள்ளைக்கு அங்கை பள்ளிக்கூடம் எந்த மாதம் துவங்கும்?" என்று மனைவி கேட்டார்.

நிமலன் கையில் இருந்த பத்திரங்களால் முகத்தை மூடிக்கொண்டார். தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தேன்.

"செப்டெம்பர்" என்று நான்தான் சொன்னேன்.